வரலாறு அறியாமல் ருஷ்ய நாவலைப் படிக்கலாமா?

நூல் நிலையத்தில் தடித்த நூல் ஒன்றைக் கையில் எடுப்பதும், சில பக்கங்களைப் புரட்டுவதும், 'இது நமக்கு உரியதன்று' என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவதும் நம்மில் பலருக்குப் பழக்கமான செயல். அந்நூல் ருஷ்ய நாவலாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. பெயர்கள் நாவில் நுழைவதில்லை. ஒருவர்க்கு மூன்று பெயர் இருப்பது போல் தோன்றுகிறது. கதைமாந்தர் எதைப்பற்றிச் சினந்து பேசுகிறார்கள் என்பதும் விளங்குவதில்லை.

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் தோட்டப் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர், என்னிடம் இரவல் பெற்ற நூலை ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். அது தாஸ்தாயெவ்ஸ்கி எழுதிய 'பேய்கள்' என்னும் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. "ஐயா, அறுபது பக்கம் படித்தேன். ருஷ்ய வரலாறு தெரிந்தவர்களுக்குத்தான் இது விளங்கும் போலிருக்கிறது. முதலில் வரலாற்றைப் படித்துவிட்டு வருகிறேன்" என்றார்.

அச்சொற்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த நாளில் இதே நூலை ஏறத்தாழ இதே இடத்தில் மூடிவைத்தவன் நான். வரலாற்றைப் படித்தபின் வருவேன் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டேன். அந்தப் 'பின்' வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. எனவே அவ்வாசிரியையிடம் அன்று சொன்னதையே சற்று விரித்து இங்கு எழுதுகின்றேன். வரலாறு தெரியாமல் இத்தகைய நாவலைப் படிக்கலாமா? படிக்கலாம் என்றால், வரலாறு வேண்டவே வேண்டாவா? இவ்விரு கேள்விகளுக்கும் 'பேய்கள்' நாவலையே சான்றாக வைத்து விடை காண்போம்.

நூலும் கதையும்

இந்நாவல் 1871, 1872 ஆகிய ஆண்டுகளில் 'ருஷ்யத் தூதன்' என்னும் பொருள்படும் பெயருடைய மாஸ்கோ மாத இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. 1873-இல் நூலாயிற்று. ஆங்கிலத்தில் இது 'தி பொசஸ்டு', 'தி டெவில்ஸ்', 'டீமன்ஸ்' என மூன்று பெயர்களில் கிடைக்கின்றது. மூன்றும் ஒரே நாவல்தான். வேறு வேறு நூல் என்று எண்ணி ஏமாற வேண்டா.

கதை நடப்பது பெயர் சொல்லப்படாத ஒரு ருஷ்ய உள்நாட்டு நகரம். அங்கே வார்வாரா பெத்ரோவ்னா என்னும் செல்வச் சீமாட்டி இருக்கின்றார். படைத்தலைவர் ஒருவரின் கைம்பெண். அவர் மகனுக்குக் கல்வி கற்பிக்க வந்த ஸ்தெபான் திரோஃபிமோவிச் என்னும் அறிஞர், கற்பித்து முடித்த பின்னும் போகாமல், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஆதரவிலேயே காலங்கழிக்கின்றார். சீமாட்டியின் மகன் நிக்கொலாய் ஸ்தவ்ரோகின். அறிஞரின் மகன் பியோத்தர். இருவரும் வெளியூர்களிலிருந்து ஒரே நாளில் ஊர் திரும்புகின்றனர். பியோத்தர் ஐவரைக் கொண்ட இரகசியக் குழு ஒன்றை நடத்துகின்றான். நாடெங்கும் இத்தகைய குழுக்கள் ஏராளம் உண்டென்று அவர்களை நம்பவைக்கின்றான். இயக்கத்தை விட்டு விலக நினைக்கும் ஷாத்தவ் என்பவன் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவான் என்று சொல்லி, அவனைக் கொல்லத் தூண்டுகின்றான். ஐவரையும் இரத்தத்தால் கட்டிவைப்பதே அவன் நோக்கம்.

இவ்வளவுதான் எலும்புக்கூடு. ஆனால் நாவல் தொடங்குவது கொலையில் அன்று. ஸ்தெபான் திரோஃபிமோவிச்சின் பழைய வாழ்க்கையையும், அவருக்கும் சீமாட்டிக்கும் இடையிலுள்ள ஊடலையும் நெடுந்தொலைவு சொல்லிவிட்டுத்தான் கதை நகர்கின்றது. வாசகர்கள் நூலை மூடிவைக்கும் இடம் இதுவே. இங்கே சற்றுப் பொறுத்தவர்கள் பிறகு நிறுத்தமாட்டார்கள்.

பெயர்க் காடு

முதல் தடை வரலாறு அன்று, பெயர்கள்தான். ருஷ்யப் பெயர் மூன்று பகுதிகளைக் கொண்டது: இட்ட பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். நடுவில் வருவது தந்தையின் பெயரோடு ஆணாயின் 'ஓவிச்', 'யேவிச்' என்றும், பெண்ணாயின் 'ஓவ்னா', 'யேவ்னா' என்றும் விகுதி சேர்ந்து அமைவது. தந்தை பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே எழுதிப் பழகிய நமக்கு இது கடினமாகாது. ஸ்தெபான் திரோஃபிமோவிச் என்றால் திரோஃபிமின் மகன் ஸ்தெபான். பியோத்தர் ஸ்தெபானோவிச் என்றால் ஸ்தெபானின் மகன் பியோத்தர். உறவைப் பெயரே சொல்லிவிடுகின்றது. மரியாதையாக விளிக்கும்போது இட்ட பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்துச் சொல்வர். நெருக்கமானவர் சுருக்கப் பெயரால் அழைப்பர். தாரியா என்னும் பெண் தாஷா ஆவதும், எலிசவேத்தா லீசா ஆவதும் இவ்வாறே. ஒரு சிறு அட்டையில் பதினைந்து பெயர்களை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் காட்டில் பாதை தெரிந்துவிடும்.

வரலாறு வேண்டாத இடங்கள்

இனி நாவலின் உச்சமான ஓர் இடத்தைப் பார்ப்போம். ஷாத்தவைக் கொல்ல நாள் குறித்தாயிற்று. அது அவனுக்குத் தெரியாது. அந்நிலையில், மூன்றாண்டுகளுக்கு முன் அவனைப் பிரிந்து சென்ற மனைவி திடீரென வந்து சேர்கின்றாள். அவள் நிறைசூலி, பிறக்கப்போகும் குழந்தை அவனுடையதன்று. அவளோ வலியாலும் நாணத்தாலும் அவன்மீது எரிந்து விழுகின்றாள். அவனுக்குச் சினமே வரவில்லை. கையில் காசில்லாமல் இரவெல்லாம் ஓடுகின்றான். ஒரு வீட்டில் தேநீர் கேட்டு வாங்குகின்றான். இன்னொரு வீட்டில் தன் கைத்துப்பாக்கியைக் கொடுத்துப் பணம் பெறுகின்றான். மருத்துவச்சியை அழைத்து வருகின்றான். குழந்தை பிறக்கின்றது. அதைத் தன் மகனாகவே ஏற்று, இனிப் புதுவாழ்வு தொடங்குவோம் என்று பூரிக்கின்றான். அன்று மாலையே அவனைக் கூட்டிச் செல்ல ஆள் வருகின்றது.

அவன் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டவன் யார்? கொலைக் குழுவில் ஒருவனான லியாம்ஷின். குழந்தையை எடுத்த மருத்துவச்சி யார்? அக்குழுவின் இன்னோர் உறுப்பினனான விர்கின்ஸ்கியின் மனைவி. இப்பக்கங்களைப் படித்து நெஞ்சம் நடுங்குவதற்கு ருஷ்ய வரலாற்றில் ஒரு வரியேனும் தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பெற்றவர்க்கும் பிரிந்தவர்க்கும் இது விளங்கும்.

தந்தை மகன் உறவும் அப்படியே. நாவல் தொடங்கும்வரை ஸ்தெபான் திரோஃபிமோவிச் தம் மகனை வாழ்நாளில் இருமுறைதான் பார்த்திருக்கின்றார். கைக்குழந்தையாக இருந்தபோதே தொலைவிலுள்ள உறவினரிடம் அனுப்பிவிட்டார். வளர்ந்து வந்த மகன் ஊரார் முன்னிலையில் தந்தையை எள்ளி நகையாடும்போது, நமக்கு இருவர்மீதும் ஒருங்கே வருத்தம் பிறக்கின்றது. இவற்றை முதற்படிப்பிலேயே பெற்றுக்கொள்ளலாம்.

நூலே எழுப்பும் கேள்வி

அவ்வாசிரியை நூலை மீண்டும் எடுத்துச் சென்றார். ஏழு வாரம் கழித்து வந்தபோது கையில் கேள்விகள் எழுதிய தாள் ஒன்று இருந்தது. முதற்கேள்வி இது: "ஃபெத்கா என்னும் கொலைகாரனைச் சீட்டாட்டத்தில் தோற்றதாக வருகிறதே, ஐயா. ஒரு மனிதனை எப்படித் தோற்க முடியும்?"

வரலாறு வேண்டிய இடம் இதுதான். ருஷ்யாவில் 1861 வரை பண்ணையடிமை முறை இருந்தது. உழவர்களில் பெரும்பகுதியினர் நிலத்தோடு கட்டுண்டு நிலக்கிழாரின் உடைமைபோல் வாழ்ந்தனர். அவர்களை விற்கலாம், அடகு வைக்கலாம். படைக்கு ஆள் கொடுக்க வேண்டிய கடமை நிலக்கிழாரைச் சார்ந்தது. யாரை அனுப்புவது என்பது அவர் விருப்பம். அவ்வாறு ஆளை அனுப்பிப் பணமாக்கிக் கொள்ளவும் வழி இருந்தது. அக்காலப் படைப்பணி ஓரிரண்டு ஆண்டில் முடிவதன்று. ஒருவனுடைய வாழ்நாளின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவது. பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் 1861 பிப்ரவரி 19-இல் கையெழுத்திட்ட ஆணையால் தனியார் நிலங்களில் இருந்த ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் மக்கள் இந்நிலையிலிருந்து விடுபட்டனர்.

நாவல் நடப்பது இவ்விடுதலைக்குச் சில ஆண்டுகள் பின்னர். ஃபெத்கா ஒரு காலத்தில் ஸ்தெபான் திரோஃபிமோவிச்சின் அடிமை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், சீட்டாட்டக் கடனைத் தீர்ப்பதற்காக அவர் அவனைப் படைக்கு அனுப்பிவிட்டார். அவன் கெட்டுச் சீரழிந்து, சைபீரியச் சிறையிலிருந்து தப்பி, கூலிக்குக் கொலை செய்பவனாக ஊர் திரும்பியிருக்கின்றான். நகரத்து இலக்கிய விழாவில் அந்த அறிஞர் அழகைப்பற்றியும் கலையைப்பற்றியும் உருகிப் பேசிக்கொண்டிருக்கையில், ஓர் இளைஞன் எழுந்து, அன்று நீர் அவனைச் சூதில் தோற்காதிருந்தால் அவன் இன்று இந்நிலைக்கு வந்திருப்பானா என்று கேட்கின்றான். அக்கேள்விக்கு அவரிடம் விடையில்லை.

அடிமை முறையை அறிந்தபின் அக்காட்சியைத் திரும்பப் படித்தால், அது எவ்வளவு கனமாகிவிடுகின்றது! அன்பும் அழுகையும் நிறைந்த அப்பெரியவர் நம் பார்வையில் வேறொருவராகத் தெரிகின்றார். ஷாத்தவ் யார் என்பதும் அப்போதுதான் புலப்படும். அவன் அந்தச் சீமாட்டியின் பணியாளனுக்கு மகனாக, அவர் வீட்டு அடிமையாகப் பிறந்தவன். ஒரே மேசையில் அமர்ந்து அறிவுரையாடும் மனிதர்களில் ஒருவன் மற்றவர்களின் உடைமையாக இருந்தவன்!

கற்பித்தல் முறையில் 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நாவலும் அதையே செய்கின்றது. மனிதனைத் தோற்றான் என்னும் ஒரு வரி ஆசிரியையின் உள்ளத்தைத் தைத்தது. அதனால் அடிமை முறையைத் தேடிச் சென்றார். முதலில் வரலாற்றுப் பாடத்தைப் படித்திருந்தால் 1861 என்னும் எண் மனத்தில் இருந்திருக்கும். அந்தக் கேள்வி பிறந்திருக்குமா என்பது ஐயமே.

1869-இல் நடந்த கொலை

இந்நாவலின் கொலை வெறுங் கற்பனையன்று. செர்கேய் நெச்சாயெவ் என்பவன் பீட்டர்ஸ்பர்க் நகரில் பள்ளியாசிரியனாக இருந்தவன். 1869-இல் சுவிட்சர்லாந்து சென்று, புகழ்பெற்ற புரட்சியாளர் பக்கூனினிடம் சான்றுச்சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டு மாஸ்கோ திரும்பினான். பெரிய உலக இயக்கத்தின் பேராளன் தான் என்று சொல்லி, மாணவர்களை ஐந்து ஐந்து பேராகச் சேர்த்தான். அவ்வாறான இயக்கம் எதுவும் இல்லை. இவான் இவானவ் என்னும் மாணவன் அவன் சொல்லை ஏற்க மறுத்தான். பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1869 நவம்பர் 21-இல், பெத்ரோவ்ஸ்கி வேளாண்மைக் கல்லூரிப் பூங்காவில், நெச்சாயெவும் வேறு நால்வரும் அவனைக் கொன்று குளத்தில் தள்ளினர். நெச்சாயெவ் மீண்டும் வெளிநாட்டுக்கு ஓடினான். 1872-இல் பிடிபட்டு ருஷ்யாவிடம் ஒப்படைக்கப்பட்டான்; 1882-இல் பீட்டர்ஸ்பர்க் கோட்டைச் சிறையில் இறந்தான்.

அப்போது தாஸ்தாயெவ்ஸ்கி ஜெர்மனியில் திரெஸ்டன் நகரில் வாழ்ந்தார். அவர் மனைவியின் தம்பி அதே கல்லூரியில் பயின்றவர். அவர் வாய்மொழியும் செய்தித்தாள்களும் நாவலுக்கு விதையாயின.

இதை அறிந்தவுடன் ஒரு மயக்கம் நேரும். பியோத்தர் என்றால் நெச்சாயெவ், ஷாத்தவ் என்றால் இவானவ், ஸ்தெபான் என்றால் வரலாற்றுப் பேராசிரியர் கிரனோவ்ஸ்கி, கர்மசீனவ் என்னும் எழுத்தாளர் என்றால் துர்கனேவ் என்று கணக்குப் போட்டு, விடை வந்துவிட்டது என நூலை மூடிவிடுவோம். அது தவறு. நள்ளிரவில் தேநீர்க்காக ஓடும் தகப்பனை எந்த வழக்குப் பதிவிலும் காண முடியாது. யார் கொன்றார், எங்கே கொன்றார் என்பதை வரலாறு சொல்லும். கொலை தவறு என்று உணர்ந்தவர்களும் அதைத் தடுக்காமல் ஏன் உடன் நின்றார்கள் என்பதைக் காட்டுவது நாவல்.

தீர்ப்புச் சொல்ல வரலாறு வேண்டும்

ஆயினும் வரலாற்றைத் தள்ளிவிட முடியாத ஒரு கடமை உண்டு. நாவலை உணர்வதற்கு அது இன்றியமையாததன்று. நாவல் காட்டும் மனிதரைப்பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு அது இன்றியமையாதது.

'பேய்கள்' ஒரு சார்புடைய நூல். தம் காலத்து இளைஞரின் புரட்சிக் கருத்துகளைத் தாக்குவதற்காகவே தாஸ்தாயெவ்ஸ்கி அதை எழுதத் தொடங்கினார். வரலாறு அறியாதவர், கர்மசீனவ் வழியாகத் துர்கனேவை வீண்பெருமை பிடித்த கோழை என்றே முடிவு கட்டுவார். உண்மையில் துர்கனேவ் 1852-இல் வெளியிட்ட வேட்டைக்காரன் குறிப்புகள், அடிமை உழவர்களையும் நெஞ்சமுள்ள மனிதராகக் காட்டிப் படித்தவர் மனத்தை அடிமை முறைக்கு எதிராகத் திருப்பிய நூல். 1865-இல் தாஸ்தாயெவ்ஸ்கி சூதாடித் தோற்றுக் கையறு நிலையில் இருந்தபோது கடன் அனுப்பியவரும் அதே துர்கனேவ்தான்.

மற்றொன்று: ஸ்தெபான் திரோஃபிமோவிச் இளைஞரை எதிர்த்து வாதாட வேண்டி, செர்னிஷேவ்ஸ்கியின் 'என்ன செய்வது?' என்னும் நாவலை உருப்போடுகின்றார். அவ்விடத்தில் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்நூல் 1863-இல் வெளிவந்தபோது அதன் ஆசிரியர் கோட்டைச் சிறையில் இருந்தார். 1864-இல் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். 'பேய்கள்' அச்சேறிய நாளிலும் அங்கேதான் இருந்தார். 1883-இல்தான் அங்கிருந்து விடப்பட்டார். மறுமொழி சொல்ல முடியாதவர்மீது வீசப்பட்ட ஏளனம் அது. அக்கால இளைஞர் எல்லாரும் நெச்சாயெவ்களும் அல்லர். அவன் வழியை வெறுத்து ஒதுக்கிய இளைஞர் பலர். 1874-ஆம் ஆண்டுக் கோடையில் ஆயிரக்கணக்கானோர் உழவரிடையே வாழச் சிற்றூர்களுக்குச் சென்றனர்.

இதைச் சொன்னால், தாஸ்தாயெவ்ஸ்கிக்கும் நீதி செய்ய வேண்டும். அவர் வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர். 1849-இல் பெத்ரஷேவ்ஸ்கி குழுவில் சேர்ந்ததற்காகக் கைதானவர். அவ்வாண்டு டிசம்பர் 22-இல் தூக்குக்கு நிகரான தண்டனைக் களத்தில், சுடுவோர் எதிரே நிறுத்தப்பட்டு, கடைசி நொடியில் மன்னிப்பு என அறிவிக்கப்பட்டவர். பின்பு ஓம்ஸ்க் சிறையில் நான்காண்டு கால் விலங்கோடு கிடந்தவர். இளமையில் தாமே நெச்சாயெவின் கூட்டத்தானாக ஆகியிருக்கக் கூடும் என்று 1873-இல் தம் கட்டுரை ஒன்றில் ஒப்புக்கொண்டார். ஆகவே அந்த ஐவரின் அச்சத்தை அவர் எழுதும்போது தம்மையும் சேர்த்தே எழுதுகின்றார்.

படிக்கும் முறை

இவற்றையெல்லாம் நினைத்து, நான் பின்பற்றும் முறையைச் சொல்கின்றேன்.

முதலாவது, முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முன்னுரைகள் பெரும்பாலும் கதை முடிவைச் சொல்லிவிடுகின்றன. எடுத்துக்காட்டு வேண்டி நானும் அக்குற்றத்தை இங்கே செய்துவிட்டேன், பொறுத்தருள்க.

இரண்டாவது, முதன்முறை நிற்காமல் படியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடிட்டு மேலே செல்லுங்கள். பிரெஞ்சுச் சொற்கள் இடையிடையே வந்தால் மலைக்க வேண்டா. அக்கால ருஷ்ய உயர்குடியினர் தம்முள் அம்மொழியில் பேசுவதைப் பெருமையாகக் கொண்டிருந்தனர்.

மூன்றாவது, முடித்தபின் கோடிட்ட இடங்களைக் கேள்விகளாக எழுதுங்கள். எல்லாவற்றையும் தேட வேண்டா. உங்களை உண்மையாக உறுத்தும் ஐந்தாறு கேள்விகளுக்கு மட்டும் வரலாற்று நூல்களில் விடை தேடுங்கள்.

நான்காவது, விடை கிடைத்தபின் அவ்வதிகாரங்களை மட்டும் திரும்பப் படியுங்கள். அப்போது நூல் ஒரு முறை திறந்த கதவை மறுமுறை இன்னும் அகலமாகத் திறக்கும்.

ஒரு குறிப்பு: ஸ்தவ்ரோகின் தன் பெருங்குற்றத்தைத் தீகன் என்னும் துறவியிடம் எழுத்தில் ஒப்படைக்கும் அதிகாரம் ஒன்றை இதழாசிரியர் அச்சிட மறுத்தார். அது 1922-இல்தான் வெளிவந்தது. இப்போதைய பதிப்புகள் சிலவற்றில் அது நடுவிலும், சிலவற்றில் இறுதியிலும் இருக்கும். இறுதியில் இருப்பின் அதை விட்டுவிடாதீர்கள். ஸ்தவ்ரோகின் யாரென்று அறிவது அங்கேதான்.

அறியாமை ஒரு குறைதான். ஆனால் படிக்கத் தொடங்குவதற்கு அது தடையன்று. படித்து முடித்தபின்னும் கேளாதிருப்பதே குற்றம். வரலாறு கற்ற பிறகு வருவேன் என்று நான் இழந்த பதினெட்டு ஆண்டுகள் திரும்பி வாரா. அவ்வாசிரியை ஏழு வாரத்தில் படித்து முடித்தார். இப்போது இரண்டாம் முறைக்காக நூலை மீண்டும் எடுத்துச் சென்றிருக்கின்றார். நூல் நிலையத்தில் அத்தடித்த நூலைக் கண்டால் நீங்களும் அஞ்சாமல் எடுத்து வாருங்கள்.